பருவுக்கு ஏங்கிய சலூன்காரர்

அவர் சவரம் செய்துவிட்டால் கன்னம் மழமழவென்று இருக்கும். அதனால் தெருவே அவரை 'மழமழ' என்றுதான் கூப்பிட்டது. மூன்று நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, மேலே ஒரு டியூப்லைட், அவ்வளவுதான் சலூன். வீடு அதற்குப் பின்னாலேயே. முகத்தில் பருவோடு யார் வந்தாலும் கத்தி படாமல் சுற்றிப் போவார், ஓசியில் களிம்பும் தடவிவிடுவார். பரு என்றால் அவருக்கு ஜென்மப் பகை.

அப்பேர்ப்பட்ட மனுஷன், மனைவி முகத்தில் பரு வராதா என்று தவம் கிடந்தார். கொடுமையைப் பாருங்கள்!

மனைவிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

"குடல்ல இருந்தது அங்க எப்படிங்க போச்சு?" என்று கேட்டார்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "செல்லுக்கு மேல ஏற்பிகள்னு இருக்கு. வளரச் சொல்ற புரதம் அதுல வந்து ஒட்டினா செல் பெருகும். புற்றுநோய் செல்லுக்கு இடம்விட்டு இடம் பரவவும் அதுலதான் தெம்பு வருது. இப்ப இவங்களுக்கு ஏத்தப்போற மருந்து அந்த ஏற்பியை அடைச்சிடும். மரபணு டெஸ்ட்ல இவங்களுக்குப் பொருந்தும்னு வந்திருக்கு. ஆனா தோல்லயும் அதே ஏற்பி இருக்கு. அதனால முகத்துல பரு மாதிரி வரும், பயப்படாதீங்க. அப்படி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு மருந்து நல்லா கேக்குது."

மழமழவுக்குப் பாதி தலைக்கு மேலே போனது. கடைசி வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மருந்து ஏறியது, பருவும் வந்தது. மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் செக்கச்செவேல். மனைவி கண்ணாடியைப் பார்த்து அழ, இவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? எரியுதுங்க!"

"உள்ள இருக்கறதுக்கும் அப்படித்தான் எரியும், பொறுத்துக்கோடி!"

தினமும் கடை திறக்கும் முன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, பருவைத் தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது.

அப்புறம் பரு அடங்கத் தொடங்கியது. டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"நாளாக ஆகக் குறையறதும் உண்டு. பருவை வச்சு முடிவு பண்ண முடியாது, ஸ்கேன்ல பாப்போம்."

"அப்ப வந்தா நல்லது, போனா கெட்டதுன்னு இல்லையா?"

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க."

வந்தது நல்லதா, போனது நல்லதா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதாவை ஏற்றியும் மறுபக்கம் இறக்கியும் வெட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஸ்கேன் நாள் காலை. மனைவி தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கன்னமும் சிவந்திருந்தன.

"பாத்தீங்களா? மறுபடி வந்திருக்கு."

அவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். எத்தனை ஆயிரம் கன்னங்களைத் தொட்ட விரல் அது! ஒரு பருவும் இல்லை. சொரசொரப்பான துண்டால் அழுத்தித் தேய்த்த சிவப்பு. காதோரம் துண்டின் நூல் ஒன்றுகூட ஒட்டியிருந்தது. அவள் தன் கன்னத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலைச் சத்தமில்லாமல் எடுத்துப்போட்டார்.

"ஆமாடி, நல்லாவே வந்திருக்கு," என்றவர், களிம்பை எடுத்து மெதுவாகத் தடவினார். "ரொம்ப எரியுதா?"

"எரிஞ்சா என்னங்க, வந்தா நல்லதுதானே," என்றாள்.