சஷ்டி விரதமும் மாத்திரை அட்டையும்

“பாக்கியம் ஆறு நாளும் மாத்திரை எடுக்கவில்லை. அட்டையில் எடுத்ததாகக் குறித்தேன்.” 1974 நவம்பரில், கந்தசஷ்டி முடிந்த அன்று என் நாட்குறிப்பில் எழுதியது இது.

அப்போது நாங்கள் மெல்பேர்னில் இருந்தோம். என் மனைவி பாக்கியத்துக்கு இரத்த அழுத்தம். புதிய மாத்திரையொன்றை ஆராய்ந்துகொண்டிருந்த அயர்லாந்து டொக்டர் ஒருவர் அவளையும் அதில் சேர்த்திருந்தார். மாத்திரையைச் சாப்பாட்டுடன் எடுத்து, தினமும் அவர் தந்த அட்டையில் குறிக்க வேண்டும்; குறிப்பது என் வேலை. விரத நாட்களில் அவள் சாப்பாட்டோடு மாத்திரையையும் விட்டுவிட்டாள்.

“உள்ளதை எழுதுவம்” என்றேன்.

“அந்த மனுசன் என்னை எவ்வளவு அன்பா விசாரிக்குது. விட்டதெண்டு தெரிஞ்சால் மனம் நோகும். எல்லாத்துக்கும் சரி போட்டுவிடுங்கோ. உண்மையை உங்கட கொப்பியில எழுதுங்கோ, அதை ஆர் வாசிக்கப்போகினம்?” என்று சிரித்தாள்.

மறுநாள் டொக்டர் அளந்தபோது அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. அட்டையை நம்பிய டொக்டர், மருந்து போதவில்லை என்று அளவை இரட்டித்தார். அதை அவள் ஒரு வேளையும் தவறாமல் எடுத்தாள். நான்காம் நாள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவள், அழுத்தம் அளவுக்குமீறி இறங்கி, மயங்கி விழுந்து தலையில் அடிபட்டாள். ஆஸ்பத்திரியில் நான் உண்மையைச் சொன்னபோது, டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் பாக்கியம் போய்விட்டாள்.

இப்போது நம்மவர்களுக்கு மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், மருந்து விட்ட நாட்களைத்தான் முதலில் கேட்கிறேன். அவர்கள் தயங்கினாலும் டொக்டரிடம் சொல்லவைக்கிறேன். அந்த ஆராய்ச்சியின் முடிவில் பாக்கியத்தின் அட்டையை நீக்கினார்களா, நான் குறித்தபடியே சேர்த்துக்கொண்டார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.