காஜா சொன்ன ‘அவசரம் இல்ல’

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பேர். என் தையல் கடையில் அதைக் கையாலேயே போடுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளுக்கும் அதுவே பேராகிவிட்டது. காலையில் புருஷன் வண்டியில் கொண்டுவந்து விடுவான். சாயங்காலம் வாசலில் வந்து நிற்பான். “தங்கமான மனுஷன்” என்று வாடிக்கையாளர்கள் உருகுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அவளுக்குச் சட்டை தைக்க மேல்கையில் டேப்பைச் சுற்றியபோது அவள் துடித்த துடிப்பை நான் பார்த்திருக்கிறேன். குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு அவன் கொடுத்த அடி.

“இன்னிக்கே கிளம்பு. அவனை நான் பாத்துக்கறேன்” என்று குதித்தேன்.

“நீங்க கத்திட்டு உங்க வீட்டுக்குப் போயிடுவீங்கக்கா. நான் அவரோட வீட்டுக்குத்தானே போகணும்” என்றாள்.

அவளுடைய போனை அவன் தினமும் நோண்டுவான் என்பதால், கடை போனிலிருந்து பெண்கள் உதவி மையத்தில் ஏற்கெனவே பேசியிருந்தாள். விட்டுப் போகிற நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம், மிரட்டிவிட்டுப் போகாதே, சொல்லாமல் போ என்று அங்கிருந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு அவள் காட்டிய நிதானம் இருக்கிறதே! தன் துணியும் மகளின் துணியும் “பிடிச்சுத் தைக்கணும்” என்ற சாக்கில் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன. மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒரு கவுனின் மடிப்புக்குள் வந்தது. அந்தக் கவுன் இருந்த பையை வண்டியிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தவன் சாட்சாத் அவனேதான். நான் “தேங்க்ஸ்” வேறு சொன்னேன்.

ஆபத்து என்றால் அவள் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும், அவன் பக்கத்தில் நின்று கேட்டாலும் புரியாத வார்த்தை. “ஊசி உடைஞ்சிடுச்சுன்னு சொல்லு” என்றேன்.

“நல்ல ஆளுக்கா நீங்க. நம்ம கடையில ஊசி உடையாத நாள் இருக்கா?” என்று சிரித்தாள். பிறகு அவளே ஒன்று பிடித்தாள்: “அவசரம் இல்ல.” இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்தும் அது வந்ததில்லை. தையல் கடைக்கு அதைவிடப் பெரிய அபாயக்குரல் கிடையாது.

அவன் வெளியூர் போகிற வாரத்துக்காகக் காத்திருந்தோம். அதற்குள் ஒருநாள் அவள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தான் போலிருக்கிறது, அவன் மூச்சும் கேட்டது. “உடம்பு சரியில்லக்கா. அந்தக் கோட்டுக்கு அவசரம் இல்ல” என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் பற்றி அவள் விசாரித்தது அவன் காதுக்கு எட்டிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

கத்தரியைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் பேசி வைத்தபடி மையத்துக்கு மட்டும் போன் செய்தேன். அவர்கள் போலீஸோடு போனார்கள். பிறகு மையத்தின் கார் கடைக்குப் பின்னால் வந்து நின்றது. உள்ளே அவளும் மகளும். அவளுக்கு உதடு கிழிந்திருந்தது. சேர்த்து வைத்திருந்த துணிப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

“எங்கடி போறே?”

“சொல்ல மாட்டேன்க்கா. உங்க மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவன் கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் எங்கே என்று கேட்டான். “தெரியாது” என்றேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தபடி நின்றான். அங்கே ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டான். அவள் என்னை எவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது.

பல மாதம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். அவள்தான். எங்கே இருக்கிறாய் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, “சாப்டியா?” என்றேன்.

“ஆச்சுக்கா. இன்னிக்குச் சமையல்ல உப்பு கூடிப்போச்சு. வாயில வைக்க முடியல. நானும் பாப்பாவும் சிரிச்சோம். அவ்வளவுதான்க்கா. வேற ஒண்ணும் நடக்கல.”