அம்மப்பாவின் பழைய கல்

என் தம்பியின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டவர் என் தாய்மாமா. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருக்கும் பெண்ணைக்கூட நான் குற்றம் சொல்லமாட்டேன். அவள் சட்டத்தைப் பார்த்து எழுதுகிறாள். மாமா தெரிந்தே செய்கிறார்.

எங்கள் அம்மாவின் அப்பா அயர்லாந்துக்காரர். தலைமன்னார்த் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர், மன்னார்ப் பெண் ஒருத்தியை மாதா கோவிலில் கட்டி, அங்கேயே இருந்து செத்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் யாருக்கும் தெரியாது.

தம்பி இங்கு வந்து கேட்ட அகதி அந்தஸ்து கிடைக்கவில்லை. கையில் இருப்பது டுல்டுங் என்ற கடதாசி. இப்போதைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஊரில் சமாதான ஒப்பந்தம் வந்ததும், இனி உங்கள் நாட்டில் சண்டை இல்லை, போகலாம் என்று கடிதம் வந்தது. வக்கீல் அம்மாவிடம் ஓடினோம். பேச்சுவாக்கில் அம்மப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அயர்லாந்தில் பிறந்தவரின் பேரன் அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாமாம். கிடைத்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமகன், இவனை ஒருவராலும் இங்கிருந்து அசைக்க முடியாதாம். அம்மப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது தம்பி சிரித்தான். "அக்கா, இந்த மூஞ்சியோட நான் ஐரிஷ்காரன் எண்டு சொன்னால் பொலிஸ்காரன் சிரிச்சே செத்துப்போவான்." அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்ததும் நகர நூலகத்துக்குப் போவேன். கம்ப்யூட்டரில் அயர்லாந்தின் பழைய பதிவுகளைத் தேடுவேன். அம்மா வைத்திருந்த அம்மப்பாவின் கல்யாணப் பதிவுப் பிரதியில் அவர் பெயர் இருந்தது, அவருடைய தகப்பன் பெயர் இருந்தது, ஊர் என்ற இடத்தில் அயர்லாந்து என்று மட்டும் இருந்தது. மன்னாரில் அந்தோனி என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்? அந்த நாட்டில் அவருடைய பெயரும் அப்படித்தான். தகப்பன் பெயரும் அப்படியே. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: இதே பெயரில், இதே தகப்பன் பெயரோடு எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், பிறந்த ஊர் தெரியாமல் உங்களுடையவரைப் பிரித்தெடுக்க முடியாது.

பிறந்த ஊர் அம்மப்பாவின் கல்லறையில் எழுதியிருந்தது. கார்த்திகை மாதம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அம்மா எங்களைக் கூட்டிப்போய் அந்தக் கல்லில் மெழுகுதிரி ஏற்றுவாள். உருகிய மெழுகு எழுத்துக்குள் இறங்கி இறுகிவிடும். நான் நகத்தால் சுரண்டி எடுப்பேன். பெயருக்குக் கீழே அவர் பிறந்த ஊர் என்று அம்மா காட்டியிருக்கிறாள். எனக்கு அப்போது ஆங்கில எழுத்துத் தெரியாது. அந்தக் குழிகளை விரல் மட்டும்தான் அறியும். அம்மாவும் போய்விட்டாள். கோவிலின் அடக்கப் பதிவேடு ஷெல்லடியில் எரிந்துபோனது.

மன்னாரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கல்லைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "எந்தக் கல்லு? உங்கட மாமா காசு அனுப்பிப் புதுசாக் கட்டிப்போட்டார். பழசை உடைச்சு அத்திவாரத்துக்குப் போட்டாச்சு" என்றார்.

சண்டை நின்றது என்று ஜெர்மன் அதிகாரி தம்பியைப் போகச் சொன்னார். அதே சண்டை நின்றது என்று மாமா கல்லறை கட்டக் காசு அனுப்பினார். புதுக் கல் பளபளவென்று இருக்கிறதாம். அம்மப்பாவின் ஞானஸ்நானப் பெயர் மட்டும் தமிழில், குடும்பப் பெயர் இல்லை, ஊர் இல்லை. கீழே பெரிய எழுத்தில் 'அன்பளிப்பு: மகன், ஜெர்மனி.'

மாமா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அன்றைக்கே போனேன்.

"மாமா, அந்தக் கல்லிலை என்ன ஊர் எழுதியிருந்தது?"

"எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை."

"நீங்கள் மூத்தவர். ஒவ்வொரு வருசமும் சத்தமா வாசிச்சனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. இஞ்ச வந்த புதுசிலை உங்கட ஃபாக்டரி மேற்பார்வை மைஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு, என்ர அப்பரும் ஐரோப்பியன், இன்ன ஊர் எண்டு பியர் கிளாசைத் தூக்கிக்கொண்டு சொன்னீங்கள். நான்தான் வடை பொரிச்சுக் குடுத்தனான்."

"அது வெறியிலை சொன்னது."

மாமி உள்ளேயிருந்து வந்தார். "இப்ப எங்கட பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுறம். கலப்பில்லாத குடும்பம் எண்டு சொல்லித்தான் பேசுறம். உன்ர தம்பிக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் எப்பிடிக் கிடைச்சது எண்டு சனம் கேக்காதோ? கோப்பியைக் குடிச்சிட்டுப் போ."

"அவனைப் பிளேனிலை ஏத்தப்போறாங்கள் மாமி."

"கனபேரை ஏத்துறாங்கள்தானே. போனவை எல்லாரும் செத்தே போச்சினம்?"

மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரால் அவருக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை. கோப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

இப்போது சமாதானமும் போய்விட்டது, ஊரில் மறுபடி ஷெல் விழுகிறது. தம்பியைப் போகச் சொன்ன கடிதம் மட்டும் மாறவில்லை. அடுத்த டுல்டுங் கிடைக்காது என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். தம்பி பையை அடுக்கி வைத்துவிட்டு, வாசல் மணி அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறான். நான் அயர்லாந்து வரைபடத்தை விரித்து ஒவ்வொரு ஊராக அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். மாமா சொன்னது காதில் எங்காவது தட்டுப்படாதா என்று. எல்லா ஊரும் ஒரே மாதிரிக் கேட்கிறது.

மாமா, ஆவணியில் கேவலாரில் மடுமாதா திருவிழா. ஜெர்மனி முழுவதிலுமிருந்து நம் சனம் வரும். பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து அறிவித்தல் வாசிப்பவர் நீங்கள்தான். தொலைந்த பிள்ளைகளின் பெயரை வாசிப்பீர்கள், காரை எடுக்கச் சொல்லி நம்பர் வாசிப்பீர்கள். இந்த முறை நான் முன்வரிசையில் தம்பியோடு நிற்பேன். வீட்டுக்குள் வைத்து ஞாபகமில்லை என்றது போதும். மாதாவுக்கும் அத்தனை சனத்துக்கும் முன்னால், அதே மைக்கில் சொல்லுங்கள்: உங்கள் அப்பா பிறந்த ஊர் எது?