மிதி தொடாத வல்லி அத்தை

பியானோக் கலைஞர் வல்லி காலமான செய்தி, அவருடைய கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒரு நிருபர் வழியாகத்தான் வந்தது. அந்த அண்ணன் என் அப்பா. பொன்னமராவதியில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டு நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வல்லி மேடம் இன்னிக்கிக் காலைல சென்னைல தவறிட்டாங்க. அவங்க சின்ன வயசு போட்டோ ஒங்க ஊர்ல யாருகிட்டயாச்சும் இருக்குமா?"

கையிலிருந்த ஜாரை அப்பா மெதுவாகக் கீழே வைத்தார். "எங்கிட்ட இருக்கு."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"அண்ணனா? எந்தப் பேட்டியிலயும் சொன்னதில்லையே சார்!"

அத்தையின் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி நினைவுக் கூட்டம் நடத்தும் குழுவினர் அப்பாவைக் கேட்டார்கள். அப்பா என் பக்கம் தள்ளிவிட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுது ஆத்தா." அத்தை அற்புதமாகப் பியானோ வாசித்தார். எண்ணிக்கொள்ளுங்கள், நாலு வார்த்தை. அப்பாவின் கணக்கு முடிந்தது. இனி என்னுடையது.

அத்தையை அறிந்த உங்களுக்கு அவர் சொன்ன கதையும் தெரிந்திருக்கும். திருச்சி கான்வென்ட் விடுதியில் கன்னியாஸ்திரி ஒருவரின் பியானோதான் அவர் கேட்ட முதல் இசை. பிறகு உதவித்தொகை, ஜெர்மனி, அங்கே ஒரு குரு, முந்நூறு வருடப் பழைய இசை, ஊர் ஊராகக் கச்சேரி, கறுப்புப் புடவை. வள்ளிக்கண்ணு என்ற பெயரைச் சுருக்கி, ளகரத்தையும் லகரமாக்கி, 'வல்லி' ஆனபோது, உதிர்ந்த எழுத்துகளோடு ஊரும் உறவும் உதிர்ந்துவிட்டன. "மௌனமும் இசைதான்" என்று மேடைதோறும் சொல்வார். எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் வாழ்நாள் முழுக்க வாசித்தது அந்த இசையைத்தான். கட்டையை அழுத்துவதில் மட்டுமல்ல, நெஞ்சழுத்தத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது புதுக்கோட்டையில் அவர் கச்சேரி. திருச்சியிலிருந்து லாரியில் பியானோ வந்து இறங்கியிருந்தது. அப்பா இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு மதியமே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்து வாசலில் விழாக் குழுத் தலைவர், "இவங்க யாரு மேடம்?" என்று கேட்டார்.

அத்தை தூக்கை வாங்கிக்கொண்டார். "எங்க ஊர்ல மிக்சி ரிப்பேர் பண்றவர்."

பொய்யில்லை. அதனால்தான் அதிகம் எரிந்தது. அப்பாவோ சிரித்து, "ஆமா சார், ஏதாச்சும் ரிப்பேர்னா சொல்லுங்க" என்றார்.

ரிப்பேர் பண்ணுவது அப்பா வேலை. ரிப்பேர் ஆக்குவது என் வேலை. பியானோவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, கீழ இருக்கே மிதி, அது எதுக்கு?"

"வலது மிதியை மிதிச்சாத்தான் பாப்பா சத்தம் நீண்டு நிக்கும். இல்லாட்டி வெரல எடுத்ததும் செத்துரும். பியானோவுக்கு மூச்சே அங்கிட்டுத்தான்."

"அது வேலை செய்யலேன்னா?"

"கச்சேரி காலி."

அவர் சாப்பிடப் போனதும், என் பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை அறுத்து, வலது மிதிக்குக் கீழே திணித்தேன். யானை மிதித்தாலும் இறங்காது.

கடைசி வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணி நேரம் அத்தை வாசித்தார். ஒவ்வொரு சுரமும் உளுந்து பொறுக்கி வைத்ததுபோலத் தனித்தனியாக விழுந்தது. ஒருமுறைகூட அவர் கால் மிதி பக்கம் போகவில்லை. அசைந்த கால்கள் அப்பாவுடையவைதான். நாற்காலிக்கு அடியில் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. கொசு என்று நினைத்தேன்.

முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த இசை அறிஞர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "மிதியையே தொடாத இந்த வாசிப்பு ஒரு துறவு. இதை எங்கே கற்றீர்கள்?"

"ஜெர்மனியில், என் குருவிடம்" என்றார் அத்தை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் செருப்பு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று பார்த்தால், அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கிறுக்குப் புள்ள, அவ மிதிக்கவே மாட்டா. மிதிக்கிறதுதான் என் வேலையாச்சே!"

அப்போதுதான் சொன்னார். என் தாத்தா நாடகங்களுக்குக் கால் ஆர்மோனியம் வாசித்தவர். காலால் மிதித்துக் காற்றடித்தால்தான் அந்தப் பெட்டி பேசும். அத்தைக்கு அப்போது ஐந்து வயது, கால் எட்டாது. அதனால் அப்பா பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து மிதிப்பார், அத்தை மேலே வாசிப்பார். எட்டு வருடம் அப்படியே. கால் எட்டிய பிறகும் அத்தை மிதிக்கவில்லை. கை தனக்கு, கால் அண்ணனுக்கு என்று பழகிவிட்டது. அறிஞர் கண்ட துறவு இதுதான். ஜெர்மனியிலிருந்து வந்ததல்ல, ஆர்மோனியப் பெட்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"இதை அத்தை ஒரு மேடையில சொன்னா என்னப்பா?"

"சொல்லுவா." அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவர் எதிர்பார்த்ததெல்லாம் அது ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அத்தைக்கு நானே போன் செய்தேன்.

"செருப்பு வச்சது நீதானடி, வாலு? பியானோவை ஏத்துறப்ப எடுத்தாங்க."

"நான்தான். வாசிக்கிறப்ப ஒங்களுக்குத் தெரியவே இல்லையே. மிதிக்காம வாசிக்கக் கத்துக் குடுத்தது எங்கப்பான்னு சொல்ல வேண்டியதுதான?"

"கத்துக் குடுக்கல. அவரே மிதிச்சாரு."

"அதையாச்சும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவருக்குப் பிடித்த இசை கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு, "அடுத்த தடவ சொல்றேன்னு ஒங்கப்பங்கிட்ட சொல்லு" என்றார்.

நானும் சொல்லித் தொலைத்தேன். அதன்பிறகு மூன்று பேட்டிகள் வந்தன. மூன்றுக்கும் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து, முன்னால் உட்கார்ந்தார். கன்னியாஸ்திரி வந்தார், ஜெர்மானியர் வந்தார், ஒருமுறை அத்தை வளர்த்த பூனைகூட வந்தது. "அடுத்த தடவ" என்று சொல்லி அப்பா எழுந்து போவார்.

இறந்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இன்னும் அந்த வயதாகவில்லை.

அத்தையிடமிருந்து எனக்கு மிஞ்சியது, லாரி ஏற்றியவர் எடுத்து, அத்தை தபாலில் திருப்பி அனுப்பிய செருப்புத் துண்டும் ஒரு 'அடுத்த தடவை'யும். முதலாவதை நானே வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதை இந்த மலரிலேயே தீர்த்துவிடுகிறேன். நீங்கள் கைதட்டிய அந்தக் கைகள் வள்ளிக்கண்ணுவுடையவை. கால்கள், பொன்னமராவதி மிக்சி கடை முத்துக்கருப்பனுடையவை. நினைவுக் கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசையில்தான் உட்காருவார். அத்தையின் ஒலிப்பதிவைப் போட்டதும் நாற்காலிகளுக்கு அடியில் பாருங்கள்.