இடப்பக்கத்துத் தண்ணீர்

பாதியாக உடைத்த சவர பிளேடை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, மீன் தொட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளை உப்பை அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்குள் போன முதல் நாளில் பார்த்தது அந்தக் கைகளைத்தான். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிற வேலை அவருக்கு. சுழலும் கல்லும் அதில் வடியும் தண்ணீரும் சேர்ந்து ரேகையைத் தின்றுவிட்டன. தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். அவர் மட்டும் கண்ணாடி போடுவதில்லை. அதுவே அங்கே பாதிப் பேருக்குப் பொழுதுபோக்கு.

நான் போனது அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதம் வந்து இடக்கை, இடக்கால் விழுந்துவிட்டன. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. மூளையின் வலப்பக்கம் அடிவாங்கினால் சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும். கண் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற நினைப்புதான் வராது. அந்த அம்மா தட்டில் வலப்பாதியைக் காலி செய்துவிட்டு, இடப்பாதி நிறைய இருக்கும்போதே, "இவ்வளவுதானா போட்டீங்க?" என்று கேட்பார். இடப்பக்கமாக நின்று யார் பேசினாலும் வலப்பக்கச் சுவருக்குப் பதில் சொல்வார்.

அசைகிற, மின்னுகிற ஏதாவது ஒன்றை இடப்பக்கம் வையுங்கள், தலை தானாகத் திரும்பும் என்று உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்காரர் தொட்டி வாங்கினார். ஊசி நீளத்தில் நீலக்கோடு போட்ட சின்ன மீன்கள். அவை தொட்டியில் ஒரே கூட்டமாகத் திரும்பும்போது யாரோ தண்ணீருக்குள் விளக்கைப் போட்டு அணைத்ததுபோல இருக்கும்.

மதியத்தில் அந்த அறை வேறு மாதிரி ஆகிவிடும். ஜன்னல் வெயில் தொட்டியில் பட்டு விட்டத்துக்குப் போகும். இடது மூலையில் தொடங்குகிற வெளிச்சம் நெளிந்து நெளிந்து வலது ஓரம்வரை வரும். காற்றுக் குழாய் கொப்பளிக்கிற சத்தத்தில் கட்டில், அலமாரி, மருந்துத் தட்டு எல்லாமே லேசாக மிதக்கிற மாதிரி தோன்றும். அந்த அம்மா வலது ஓரத்தில் ஒரு வெளிச்சத் துண்டைப் பிடிப்பார். அது நகரும். பின்னாலேயே கண் போகும். விட்டத்தின் நடுவுக்கு வந்து, இடது மூலைக்கு வந்து, சுவர் வழியாகக் கீழே இறங்கித் தொட்டியில் வந்து நிற்கும். கழுத்தும் கூடவே திரும்பியிருக்கும். எந்தப் பயிற்சியும் செய்யாத வேலையை வெயில் செய்தது. நான் அந்த நேரம் பார்த்துத்தான் இடக்கையை நீவிவிடுவேன்.

பிறகு மீன்கள் சாகத் தொடங்கின. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மனைவி விழிப்பதற்குள் அவர் வலையில் எடுத்துப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுவார். ஆனால் கூட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. மீதி மீன்களும் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டன. அந்த அம்மாவின் தலை பழையபடி வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. தொட்டி வெறும் தொட்டியாகிவிட்டால் அந்தப் பக்கம் மறுபடி இருண்டுவிடும். அது கண்ணாடிக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார். ஒரு டம்ளரில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அக்கா, இதைப் பாருங்க. ஒரு தூசி கிடையாது. லென்ஸ் மாதிரி இருக்கு."

"எங்க பிடிச்சீங்க?"

"கடை ஏசியில இருந்து சொட்டுது. சும்மா சாக்கடைக்குப் போயிட்டு இருந்துச்சு. காசே கிடையாது."

"காசில்லைன்னா மீனுக்குப் பிடிக்குமா?"

"மனுஷனுக்கே பிடிக்குது, மீனுக்கு என்ன."

தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு வாளியை அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. மீன்கள் காற்றில் தொங்குவதுபோல நின்றன. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தார். மனைவிகூடத் திரும்பிப் பார்த்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, ஒண்ணு படுத்துக்கிட்டு நீந்துது."

"தூங்குதும்மா."

"என்னைப் பாத்துக் கத்துக்கிச்சா?"

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் நான்கு மீன்கள்தான் மிஞ்சியிருந்தன.

கீழ்த்தளத்தில் வளர்ப்பு மீன்கடை வைத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துணியில் துடைத்தபடியே மாடி ஏறி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், கண்ணாடியில் மிச்சமிருந்த வெள்ளைக் கறையை நகத்தால் சுரண்டினாள்.

"தண்ணி எப்ப எப்ப மாத்துவீங்க?"

"மாத்தினதே இல்ல. குறையக் குறைய குழாய்த் தண்ணி ஊத்துவேன். விளக்குக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி. நேத்துதான் முதல் தடவையா பாதியை இறைச்சிட்டு ஏசித் தண்ணிய ஊத்தினேன்."

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாண்ணே. உப்பு எங்க போகும்? உள்ளேயேதான் கிடக்கும். நீங்க மேல மேல ஊத்தி ஒரு உப்பளமே வளத்திருக்கீங்க. இந்த மீனு உப்பு ரொம்பக் குறைஞ்ச தண்ணியில வளர்ற ஜாதி. எப்படியோ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்குள்ள ஒரே மூச்சில உப்பே இல்லாத தண்ணியக் கொட்டிட்டீங்க. வெயில்ல நின்னவனைப் பிடிச்சு ஐஸ் பெட்டியில போட்ட மாதிரி."

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேனே. சுத்தமா இருந்துச்சே."

"எந்த பவர் போட்டுப் பாத்தீங்க?"

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பாதி வாயால் சிரித்தாலும் முழுச் சிரிப்பு.

கண்ணாடிக்காரர் மட்டும் முந்தின நாள் மொண்ட டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்தால் அந்தப் பொருளில் குறையில்லை. அவர் தொழிலில் அது சத்தியம். ஆயுள் முழுக்க அதை நம்பித்தான் ஊராருக்குப் பார்வை பொருத்திக் கொடுத்தார். தண்ணீர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவள் தன் உப்பு அளக்கும் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தடித்த பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முனையை நனைத்தால் எண் காட்டும். அடுத்த விடுமுறை நாளில் அவர் தெருத்தெருவாக அலைந்து தண்ணீர் சேர்த்தார். ஜன்னல் விளிம்பில் ஐந்து டம்ளர்கள் வரிசையாக நின்றன: வீட்டுக் குழாய், கடை ஏசி, வீட்டுக்கு வந்து போடுகிற கேன், மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், தெருமுனையில் நாணயம் போட்டுப் பிடிக்கிற சுத்திகரிப்பு இயந்திரம். மதிய வெயிலில் ஐந்தும் ஒரே மாதிரி மின்னின. ஐந்தும் சுவரில் ஒரே மாதிரி வட்டத்தைப் போட்டன. இடம் மாற்றி வைத்தால் அவராலேயே சொல்ல முடியாது. கருவியை நனைத்தபோதுதான் ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டியது. குழாய்த் தண்ணீரின் எண்ணைப் பார்த்து அவர் கருவியை உதறிவிட்டு இன்னொரு தடவை நனைத்தார். அதே எண்தான்.

"பேட்டரித் தண்ணிதான் எல்லாத்துலயும் சுத்தம்" என்றார்.

"அதைச் சின்னச் சின்ன பாட்டில்ல விக்கிறான். இந்தத் தொட்டிக்கு ஊத்தணும்னா நீங்க அந்த மெக்கானிக்கைத் தத்தெடுக்கணும்" என்றேன்.

"ஏசித் தண்ணிய மெதுவா ஊத்தினா?"

"ஏசிக்குள்ள இருக்கிறது செப்புக் குழாய், செம்பு மீனுக்கு ஆகாது. உங்க கடையில அதை மருந்தடிச்சுக் கழுவுறாங்களா இல்லையா?"

"கழுவுறாங்க."

"அப்ப எடுத்து வையுங்க அந்த டம்ளரை."

கேனுக்கும் தெருமுனை இயந்திரத்துக்கும் எண் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கேன்காரர் மாடி ஏறுவதற்கும் சேர்த்துக் கூலி வாங்குவார். வீட்டிலேயே சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. மாடிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. போதாததற்கு அந்த இயந்திரம் சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிவாக வெளியே தள்ளும். அதையும் விட்டோம்.

"மாடி நான் ஏறிக்கிறேன். கால் என்னுதுதானே, அதுக்கு யாரும் பில் போட மாட்டாங்க" என்றார். தெருமுனைத் தண்ணீர் மூன்று பங்கு, வீட்டுக் குழாய் ஒரு பங்கு என்று மீன்கடைக்காரி கணக்குச் சொன்னாள். உப்பே இல்லாமலும் மீன் வாழாதாம். தொட்டியின் உப்பையும் ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது, தினம் கொஞ்சம் மாற்றி மாற்றித்தான் இறக்க வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் இரண்டு சின்ன கேன்களோடு அவர் இறங்கிப் போனார். நான் ஜன்னலில் நின்றேன். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய நேரம். இயந்திரத்தின் பச்சை வெளிச்சத்துக்கு முன்னால் அவர் குனிந்து நின்றார். தண்ணீர் விழும் சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் கேட்பதுபோலத்தான் இருந்தது. மேலே வந்ததும் ஒரு வாளியில் இரண்டு தண்ணீரையும் கலந்து மூடி வைத்தார். காலைவரை நின்றால் குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போய்விடும். அந்த அம்மா வலப்பக்கம் திரும்பித் தூங்கியிருந்தார். தொட்டியில் நான்கு நீலக்கோடுகள் கல்லின் நிழலில் அசையாமல் நின்றன.

மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து இரண்டு குவளை தண்ணீரை வெளியே எடுத்தோம். முக்காலியின் மேல் வாளியை வைத்தோம். மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சலைன் இறங்குகிற வேகத்துக்கு அதை நான் இறுக்கினேன். சொட்டு சொட்டாகத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கியது. அவர் கடைக்குக் கிளம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. மூன்று மீன்கள் கல்லைவிட்டு வெளியே வந்து சொட்டு விழும் இடத்தைச் சுற்றின.

"ஒண்ணு காணோம்" என்றார் அந்த அம்மா.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அவர் இடப்பக்கம் கழுத்தைத் திருப்பி நேராகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, விட்டத்தில் வெளிச்சமும் இன்னும் வரவில்லை.

"கல்லுக்குப் பின்னாடி இருக்கும்மா. வந்துரும்."

"வரட்டும். நீங்க வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து, அங்கிருந்தே கரண்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.