ஏழாம் இலக்கக்காரனும் புகழ் மண்டபமும்

எங்கள் உதைபந்தாட்ட லீக்கில் பந்து கிடையாது. மைதானமும் கிடையாது. கிளிநொச்சியில் என் வீட்டு முன்னறையில் இருக்கும் பழைய கணினிக்குள்தான் எல்லாம் நடக்கிறது. ஆட்டக்காரர்களை நாங்கள் உருவாக்கிவிடுவோம். அதன்பிறகு கணினி தானே விளையாடி, யார் வென்றது, யார் கோல் போட்டது, யாருக்குக் காயம் என்று எழுத்தில் சொல்லும். எங்களுடைய இரண்டு மாதத்தில் அங்கே ஒரு வருடம் ஓடி, ஒரு பருவம் முடியும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆட்டக்காரனுக்கு ஒரு வயது கூடும், முப்பத்து மூன்றில் ஓய்வு பெறுவான். மாவட்டச் செயலகமான கச்சேரியில் என்னோடு வேலை செய்பவர்களுக்கு இதைப் பற்றி நான் மூச்சுவிட்டதில்லை. நாற்பது வயதில் இவனுக்கு விசர் என்று சொல்லிவிடுவார்கள்.

தொடங்கியது கொரோனா ஊரடங்கில். நாங்கள் நான்கு பேர், கிளிநொச்சியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் பளையில் வாத்தியார். ஒருவன் கனடாவில். ஒருவன் முல்லைத்தீவுக் கரையில், களப்பில் இறால் பிடிக்கிறான். படிக்கிற காலத்தில் இங்கே சித்தி வீட்டில் நின்றவன். நான்காவது நான். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில் கனடாக்காரன்தான் இந்த விளையாட்டை அனுப்பினான். ஆளுக்கொரு அணி எடுத்தோம். ஒவ்வொருவரும் தன்னையும் தன் அணியில் ஒரு ஆட்டக்காரனாகச் சேர்க்க வேண்டும், அதுவும் பத்தொன்பது வயதுக்காரனாக, என்று முடிவெடுத்தோம். பத்தொன்பது என்று ஏன் வைத்தோம் என்பதை யாரும் விளக்கவில்லை. எங்களுக்கு அந்த வயது நடந்தது யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில். பாதை திறந்திருந்தது. நாங்கள் பின்னேரம் முழுவதும் பள்ளிக்கூட மைதானத்தில் கிடந்தோம்.

இப்போது அந்த மைதானத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது முல்லைத்தீவான் ஓடிய ஓட்டம்தான். வலது கரையோரமாக ஓடுவான். காலில் சப்பாத்தில்லை. செம்மண் புழுதி அவனுக்குப் பின்னால் எழும்பும். நான் நடுவிலிருந்து பந்தைத் தூக்கி அடித்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பேன், ஏனென்றால் அதன்பிறகு எனக்கு வேலையில்லை. பந்து எங்கே விழுந்தாலும் அவன் அங்கே நிற்பான். அந்தப் பின்னேரங்களைப் போல நான் சந்தோசமாக இருந்த நாட்கள் குறைவு. பிறகு யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவனுடைய வலது முழங்காலுக்குள் செல் துண்டொன்று போனது. எடுத்தால் நடக்க முடியாமல் போகலாம் என்று டொக்டர் சொன்னதால் அது இன்னும் உள்ளே இருக்கிறது. நடப்பான், வள்ளம் தள்ளுவான். ஓட மட்டும் மாட்டான்.

லீக்கில் எண்கள் போடும் வேலை என்னுடையது. வேகம், பந்துக் கட்டுப்பாடு, தலையால் அடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு எத்தனை என்று போட வேண்டும். நான் உள்ளதை உள்ளபடி போடுகிற ஆள். பந்து வந்தால் குனிந்துகொள்ளும் வாத்தியாருக்குத் தலையடிக்கு ஒன்று போட்டேன். எனக்கே உழைப்புக்கு நான்கு போட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முல்லைத்தீவானுக்கு வேகத்துக்குப் பத்தொன்பது போட்டேன், அவன் ஏழாம் இலக்கச் சட்டை வாங்கிக்கொண்டான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நான் முடிவுகளைக் குரல் பதிவாக வாசித்து அனுப்புவேன். நேர்முக வர்ணனை செய்கிற பாவனையில் குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன். ஊரடங்கு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.

பருவங்கள் ஓடி, எங்கள் முதல் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றார்கள். அப்போதுதான் கனடாக்காரன், பெரிய லீக்குகளில் இருப்பது போல எங்களுக்கும் ஒரு புகழ் மண்டபம் வேண்டும் என்றான். சட்டம் எழுதியது நான். ஓய்வு பெற்றிருக்க வேண்டும், முன்னூறு ஆட்டமாவது விளையாடியிருக்க வேண்டும், நான்கு வாக்கில் மூன்று கிடைக்க வேண்டும். போன ஆடியில் கனடாக்காரன் விடுமுறைக்கு வந்தபோது நேரிலேயே இருந்து தெரிவு செய்வதென்று நாள் குறித்தோம். வாத்தியார் ஏ-ஒன்பது பாதையால் மோட்டார் சைக்கிளில் வந்தான். முல்லைத்தீவான் ஒரு வாளி இறாலோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். உடையார்கட்டில் பஸ் ரயர் காற்றுப் போய் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றதாம். இறால் நேரே குசினிக்குப் போனது.

சாப்பாடு முடிந்து கதிரைகளைக் கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டோம். கனடாக்காரனின் முன்கள ஆட்டக்காரன் ஐந்தே நிமிடத்தில் மண்டபத்துக்குள் போனான். அவனுடைய கோல்களை யாரும் மறுக்க முடியாது. வாத்தியாரின் கோல் காப்பாளனுக்குக் கொஞ்சம் இழுபறி. கடைசியில் நான்தான் இளகிக் கொடுத்தேன். என் ஆட்களில் ஒருவனும் தேறவில்லை. உழைப்புக்கு நான்கு போட்டுக்கொண்டவன் என்னத்தைத் தேறுவது.

முல்லைத்தீவான் கதிரையை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ரை ஏழு," என்றான்.

"எத்தினை மாட்ச்?" என்று வாத்தியார் கேட்டான்.

"நூற்றி அறுபத்தொண்டு."

"முன்னூறு வேணுமெல்லே? பதினாலு சீசன் இருந்திருக்கிறான், ஒரு சீசனாவது முழுசா விளையாடினவனோ?"

"விளையாடின மாட்சுகளைப் பாரடா. அவன் இறங்கினால் ஆர் பிடிச்சது? ஒவ்வொரு முறையும் நல்லா வாற நேரம் காயம். ஒருக்கா ஆறு கிழமை, ஒருக்கா நாலு மாசம். எல்லாருக்கும் வராத காயம் அவனுக்கு மட்டும் என்ன கண்ணூறோ?"

நான் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தேன். எனக்கு அது ஒரு வியாதி. "சட்டம் எண்டால் சட்டம். இண்டைக்கு உனக்கு வளைச்சால் நாளைக்கு எல்லாருக்கும் வளைக்க வேணும்," என்றேன்.

"உனக்கென்ன, நீ சொல்லுவாய்," என்றான் அவன். பிறகு தயங்கி, "சிரிக்காதேங்கோ. உவன்ரை காலுக்காக நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். ரெண்டு தரம். மனுசிக்கு ஆருக்கெண்டு சொல்லேல்லை," என்றான்.

நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அவனுக்கு அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஏழாம் இலக்கம் ஒரு நல்ல ஆட்டக்காரன் என்று யாராவது சொல்ல வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் அந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தான்.

"சரி, ஏன் இவ்வளவு காயமெண்டு ஆளின்ரை கோப்பைத் திறந்து பாப்பம்," என்றான் கனடாக்காரன். நான் எழும்ப முந்தியே அவன் திறந்துவிட்டான். எண்கள் போடுகிறவனுக்கு மட்டும் தெரிகிற பக்கம் ஒன்று உண்டு. அதில்தான் அது இருந்தது. வாத்தியார் விரலை வைத்து வாசித்தான். "காயம் தாங்குற தன்மை. இருபதுக்கு ரெண்டு."

"உதென்ன ரெண்டு?" என்றான் முல்லைத்தீவான். "கொம்பியூட்டர் போட்டதோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தப்பியிருப்பேன். "நான் போட்டனான்," என்றேன்.

"ஏன்?"

"உன்ரை முழங்கால்…"

கோபப்படுவான் என்று நினைத்தேன், கோபப்படவில்லை. "பத்தொன்பது வயசில எனக்கு முழங்காலில ஒண்டும் இல்லையே மச்சான்," என்றான்.

உள்ளதை உள்ளபடி போடுகிறவன் என்று நான் பெருமைப்பட்ட பெருமையெல்லாம் அத்தோடு போய்விட்டது. வயதைப் பத்தொன்பது என்று போட்டுவிட்டு, காலை மட்டும் என் கண்முன்னால் நொண்டி நடந்தவனுடைய காலாகப் போட்டிருந்தேன். எண் போட்ட அன்று அதைச் சரியான கணிப்பென்றுகூட நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகிறவன் போல குசினிக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது கனடாக்காரன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். "அந்த ரெண்டோட நூற்றி அறுபத்தொரு மாட்ச் விளையாடியிருக்கிறான். என்ரை வோட் அவனுக்குத்தான்." வாத்தியாரும் கையைத் தூக்கினான். முன்னூறு ஆட்டச் சட்டத்தை விட்டுவிடலாம் என்று சொல்லி நானும் தூக்கினேன்.

முல்லைத்தீவான் தூக்கவில்லை. "பாவம் பாத்துப் போடுற வோட் எனக்கு வேண்டாம். அவன் மண்டபத்துக்குப் போகவும் வேண்டாம். அவனைத் திருப்பி இறக்கு."

"ஓய்வு எடுத்தவனைத் திருப்பி இறக்கச் சட்டமில்லையே," என்றான் வாத்தியார்.

"இருக்கு. இப்பதான் போட்டனான்," என்றேன் நான்.

முப்பத்து மூன்றை அழித்துவிட்டு வயதைப் பத்தொன்பதாக்கினேன். இரண்டை அழித்துவிட்டு இருபது போடப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். "எங்களில மற்றவங்களுக்கு என்ன போட்டனீ?"

"பதின்மூண்டு."

"அப்ப பதின்மூண்டு போடு. மேலால ஒண்டும் வேண்டாம்."

பின்னேரம் மூன்று பேரும் போய்விட்டார்கள். மண்டபத்தில் இரண்டே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஏழாம் இலக்கத்தை இனிச் சேர்க்க வழியுமில்லை, ஓய்வு பெறாதவனுக்கு அங்கே இடமில்லை என்பதும் நான் எழுதிய சட்டம்தான்.

அடுத்த ஞாயிறு புதிய பருவத்தின் முதல் ஆட்டங்களை ஓடவிட்டேன். முல்லைத்தீவானின் அணி இரண்டுக்குச் சுழியம் என்று தோற்றுப் போயிருந்தது. ஏழாம் இலக்கம் கோலும் போடவில்லை. இதைக் குரல் பதிவில் வாசிக்க மனம் வரவில்லை. நேரே அவனுக்குப் போன் எடுத்தேன். அவன் கரையில் நின்றான், காற்று இரைந்தது.

"தோத்திட்டியள்," என்றேன். "ரெண்டு கோல்."

"அதை விடு. ஏழு எத்தினை நிமிசம் நிண்டவன்?"

திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன். "ஏழாம் இலக்கம், தொண்ணூறு நிமிடம். காயம் இல்லை."

அவன் லைனில் இல்லையோ என்று நினைத்து இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"நிக்கிறன்," என்றான். "அதை இன்னொருக்கா வாசியடா."

வாசித்தேன்.