கதை நேரத்து வாயாடி

ஒன்றரை வயதுக் குழந்தையையும் ஐந்து வயதுக் குழந்தையையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரே கதையைச் சொல்லச் சொல்கிற ஆள், வாழ்க்கையில் எந்தக் குழந்தைக்கும் மூக்குத் துடைத்துவிட்டிருக்க மாட்டான் என்பது ஒசிரிஸ் பாங்கெஸின் தீர்மானமான கருத்து. அந்த மார்ச் மாதம் அப்படிச் சொன்னவர் அவளுடைய மேலதிகாரியாகப் போய்விட்டார்.

சினு ஆற்றங்கரையில் புவெர்த்தோ கார்சா என்ற ஊரின் நகராட்சி நூலகத்தில் குழந்தைகள் அறை ஒசிரிஸின் பொறுப்பு. படகோட்டியின் மகள். பாலர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தாள். பள்ளியை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து எழுந்து முழங்கால் தேய்ந்துவிட்டது, பாடிப் பாடிக் குரல் கரகரத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலும் துணியுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கூட இருந்த தம்பி எவெர் சீண்டுவான்.

"பிள்ளைங்களத் தூங்கவைக்கறதுக்கு சம்பளமா? அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு பாத்துக் குடேன்."

"தூங்கிட்டா என் வேலை போயிரும்டா. முழிச்சிருக்க வைக்கத்தான் சம்பளம்."

வாரத்துக்கு ஒரு பொருள் என்பது அவள் கணக்கு. செவ்வாய்க்கிழமை, அம்மா மடியில் வரும் பொடிசுகளுக்கு. வியாழக்கிழமை, மூன்று வயது தாண்டியவர்களுக்கு. தொப்பி என்று எடுத்துக்கொண்டால், பொடிசுகளுக்குத் தலையில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினால் போதும், அதுதான் கதை. பெரிசுகளுக்கு அந்தத் தொப்பி காற்றில் பறந்து ஆற்றில் விழ வேண்டும், யாராவது தேடிப் போக வேண்டும், போன இடத்தில் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொள்ளவும் வேண்டும். பொடிசுகள் வாயில் வைத்தால் தொண்டையில் சிக்காத பொருளாகவும் இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்து ஒரு வாரத்தை அமைப்பதற்குள் அவளுக்கு ஞாயிறு இருட்டிவிடும்.

வியாழக்கிழமைக் கூட்டத்தின் ராணி யூலிட்சா. நான்கரை வயது. நூலகத்துக்கு எதிரே பாதாம் மரத்தடியில் முட்டை வைத்த சோள அடையான அரேபாவைப் பொரித்து விற்கும் நூபியாவின் மகள். எந்த வாக்கியத்தையும் முடிய விடமாட்டாள்.

"தொப்பி ஆத்துல வுழுந்தா நனைஞ்சு முங்கிரும் சேனியோ. மிதந்து போச்சுன்னு சொல்றீங்களே, பொய்தானே?"

பாலர் ஆசிரியைகளை அந்த ஊரில் சேனியோ என்றுதான் கூப்பிடுவார்கள். யூலிட்சா எந்த இடத்தில் பாய்வாள் என்று யோசித்து யோசித்தே ஒசிரிஸ் கதைகளை அமைக்கப் பழகியிருந்தாள். அந்தக் குறுக்கீடு இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளும் வாய் திறப்பதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கலாச்சாரப் பொறுப்புக்குப் புதிதாக வந்தார் டகோபெர்த்தோ நெக்ரெத்தே. நாற்காலியில் உட்கார்ந்த யாரையும் டாக்டர் என்று கூப்பிடுகிற ஊர் என்பதால் அவரும் டாக்டர் ஆனார்.

"சேனியோ ஒசிரிஸ், செவ்வாய் ஒரு கூட்டம், வியாழன் ஒரு கூட்டம், எதுக்கு இந்த ரெட்டை வேலை? ஒண்ணாக்கிடுங்க. போட்டோவுல அறை நெறஞ்சு தெரியணும்."

"டாக்டர், பெரிசுங்களுக்குக் கதை சொன்னா சிறுசுங்க அழும். சிறுசுங்களுக்குப் பாடிட்டு இருந்தா பெரிசுங்க ஒண்ண ஒண்ணு கடிக்கும்."

"உங்க தெறமைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! ஆமா, அடுத்த வாரம் என்ன வச்சிருக்கீங்க?"

"சோப்பு நுரை."

"நுரையா?" அவர் சிரித்தார். "நுரையப் பாக்க எவன் வருவான்? ஆத்து விலங்குகள்னு போடுங்க. சுற்றுச்சூழல் ஆபீஸ்ல பேசிட்டேன். ஆமை வேஷம் போட்டு ஒரு ஆள் அனுப்பறாங்க."

"தவக்காலத்துல ஆமையா, டாக்டர்? ஆமைன்னு சொன்னா நம்ம பிள்ளைங்க என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா?"

"என்ன சொல்லும்? மெதுவாப் போகும்னு சொல்லும்."

புனித வாரத்தில் தேங்காய்ப்பாலில் ஆமைக்கறி வேகாத வீடு அந்த ஊரில் குறைவு. பிடிக்கக் கூடாது என்று தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். தடையை யார் மதிக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கே தெரியாமல் இருக்க நியாயமில்லை. அவரும் அந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான். ஆனால் அழைப்பு அனுப்பியாயிற்று, போட்டோக்காரனுக்கும் சொல்லியாயிற்று. ஒசிரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நீலத் துணியைத் தைத்தாள். கொக்கும் தவளையும் மீனும் மட்டும் போதும், ஆமையைத் தன் வாயால் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

அன்றைக்கு அறையில் கால்வைக்க இடமில்லை. மின்விசிறி சூட்டைத்தான் கிளறியது. ஆறு என்று விரித்த நீலத் துணியை ஒரு பக்கம் பொடிசுகள் இழுக்க, மறுபக்கம் பெரிசுகள் அதன்மேல் குதித்தார்கள். கொக்கு வரும் முன்பே ஒரு குழந்தை துணியில் மூத்திரம் போய்விட, "ஆத்துல நெஜமாவே தண்ணி வந்துருச்சு!" என்று யூலிட்சா கூவினாள். அந்தச் சமயம் பார்த்து வாசலில் ஆளுயர ஆமை நுழைந்தது. பஞ்சுத் தலை, முட்டைக் கண். முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டது. அது அடுத்ததற்குத் தொற்றி, அறை முழுக்க அழுகை. அம்மாக்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து வந்த மார்செலா என்ற இளம்பெண் நிலைமையைச் சமாளிக்கும் நல்லெண்ணத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அழக்கூடாது, அழக்கூடாது! சொல்லுங்க பாப்போம், ஆமை எங்க இருக்கும்?"

"எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு அடியில!" யூலிட்சாவுக்கு விடை தெரிந்த மகிழ்ச்சி. "ஏழு இருக்கு. அதுல ஒண்ணு இவ்ளோ பெருசு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

"எங்க வீட்ல பத்து!" என்றான் பக்கத்தில் இருந்த பையன்.

"எங்கப்பா மூட்டையில கொண்டாந்தாரு!"

"தேங்காச் சோத்தோட நல்லாருக்கும்!"

ஒசிரிஸ் கதை முடியும்போது பாடும் பாட்டை அடித்தொண்டையில் தொடங்கினாள். யாரும் கூடப் பாடவில்லை. மார்செலாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. டாக்டர் மட்டும் எதையும் காதில் வாங்காமல், பிள்ளைகள் ஆர்வமாகக் கை தூக்குவதைப் படமெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அரசு வண்டியும் ஒரு போலீஸ்காரரும் மூன்று வீட்டு வாசலில் நின்றார்கள். நூபியாவின் வீடுதான் முதல். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, தொட்டிக்கு அடியிலிருந்து ஆமைகளை மூட்டையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை நூபியா கையில் ஜல்லிக்கரண்டியோடு நூலகத்துக்குள் வந்தாள்.

"கதை சொல்றேன் கதை சொல்றேன்னு எம்புள்ளைய உளவாளி ஆக்கிட்டியே, ஒசிரிஸ்!" சேனியோ என்ற மரியாதை போய்விட்டது. "சோத்துல என்ன கொழம்புன்னு கேக்கத்தான் நூலகம் கட்டிருக்காங்களா?"

"நான் கேக்கல நூபியா. அந்த ஆளுங்கள நான் கூப்பிடவும் இல்ல. வேணாம்னு சொன்னவளே நான்தான்."

"சொன்னா ஆச்சா? சொல்லிட்டு ஆமை வரும்போது கதவத் தொறந்துவிட்டது யாரு?"

ஒசிரிஸுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த கதை நேரத்துக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. விரித்த பாயில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. சன்னலுக்கு அந்தப் பக்கம் போன அம்மாக்கள் நடையை வேகப்படுத்தினார்கள். உச்சிக்கு வெயில் ஏறியதும் டாக்டர் உற்சாகமாக வந்தார்.

"போட்டோ பிரமாதம் சேனியோ! அடுத்த மாசம் தேனீக்கள்னு வைக்கலாம்."

"உக்காருங்க டாக்டர்." அவள் பாயைக் காட்டினாள். "இங்க உக்காந்து கதை சொல்லுங்க. தேனீக் கதை."

"யாருக்கு?"

"அதத்தான் நானும் காலைலேருந்து யோசிச்சிட்டு இருக்கேன்."

அவர் காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் குரல் இறங்கியது. "வர மாட்டாங்களா?"

"ஏன் வரணும்? இப்பக் கேளுங்க. பொடிசுங்க செவ்வாய்க்கிழமை. பெரிசுங்க வியாழக்கிழமை. என்ன பொருள்னு நான் முடிவு பண்ணுவேன். கதை நடக்கும்போது ஆபீஸ்காரங்க யாரும் உள்ள வரக் கூடாது. நீங்களும்தான். சம்மதமில்லன்னா சாவி இந்தாங்க."

சாவியை வாங்கிக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. வாங்கினால் அந்தப் பாயில் தானே உட்கார வேண்டியிருக்கும். "சரி சரி, கொஞ்ச நாளைக்கு உங்க இஷ்டப்படி நடத்துங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு வேறு வழியும் இல்லை. புனித வாரம் கழிந்து இரண்டாவது வியாழக்கிழமை நூபியாவும் மகளை அனுப்பினாள். ஆனால் வந்தது பழைய யூலிட்சா இல்லை. பாயின் மூலையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கதை முடியும்வரை கையை எடுக்கவில்லை.

"கை வலிக்காதா கண்ணு?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஒசிரிஸ் அவளுக்காகவே பொருள் தேடினாள். ரயிலை எடுத்தாள், தண்டவாளமே இல்லாத ஊருக்கு ரயில் வந்ததாக வேண்டுமென்றே சொன்னாள். யூலிட்சாவின் கண் விரிந்தது, கை இறங்கவில்லை. மூன்று கால் பசு ஒன்றைக் கொண்டுவந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், யூலிட்சா வயிறு குலுங்க, வாயைப் பொத்தியபடியே சிரித்தாள். அவள் குறுக்கிடாத இடங்களிலெல்லாம் கதை தொங்கிப் போயிற்று. மற்றவர்களும் மரியாதையாக, பேசாமல், அசையாமல் கேட்டார்கள். டாக்டர் பார்த்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார். ஒசிரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்த் துணிப் பசுவை மூலையில் விட்டெறிந்தாள்.

"என்னாச்சு, பசு பால் குடுக்கலியா?" என்றான் எவெர்.

"வாய மூடு!" என்று கத்தினாள். கத்திய மறுகணமே அந்த வார்த்தை தனக்கே பொறுக்காமல் எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் நேராகப் பாதாம் மரத்தடிக்குப் போனாள். நூபியா மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் பொண்ணு வாயே தொறக்கறதில்ல."

"நல்லதுதானே."

"வீட்லயாவது பேசறாளா?"

மாவு தட்டிய கை நின்றது. "அவ பேசலைன்னா சாயந்தரம் எவ்ளோ நீளம்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் நூபியா. பிறகு உடனே முறைத்தாள். "ஒரு தடவ அறைஞ்சேன். ஒரே ஒரு தடவ. அன்னிக்கு இருந்த கோவத்துல. இப்ப நானே பேசுடின்னாலும் பேச மாட்டேங்கறா."

"வியாழக்கிழமை நீ வா."

"கடைய எவன் பாப்பான்?"

"கதை முடியறவரைக்கும் எவெர் பாப்பான்."

"உன் தம்பியா? வித்ததவிடத் தின்னதுதான் ஜாஸ்தி இருக்கும்."

வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு ஒசிரிஸ் 'உள்ளே என்ன?' என்று பொருள் வைத்திருந்தாள். வாய் கட்டிய குடுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். நூபியா கையில் மாவோடு வந்து பிள்ளைகளுக்கு நடுவே முட்டி மடக்கி உட்கார்ந்தாள். யூலிட்சா மூலையிலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கை இருந்தது.

ஒசிரிஸ் ஒரு குடுவையை ஆட்டினாள். கலகலவென்று சத்தம். யாரும் பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் நூபியாவைப் பார்த்தாள்.

"கோழிக்குஞ்சு," என்றாள் நூபியா.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் கேலிக்குச் சொன்னாளா, நிஜமாகவே எதுவும் தோன்றாமல் சொன்னாளா என்று ஒசிரிஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இன்னொரு குடுவையை ஆட்டினாள். இது சலசலத்தது.

"இதுவும் கோழிக்குஞ்சுதான்," என்றாள் நூபியா, பிடிவாதமாக.

மூலையில் ஒரு கை இறங்கியது. பிறகு மறு கையும்.

"அம்மா! குஞ்சு கலகலங்குமா? கீச்சு கீச்சுங்காது? மொதல்ல ஆட்டினது சோளம். இது அரிசி. உனக்கு ஒண்ணுமே தெரியல!"

"அப்படியா?" நூபியா அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ சொல்லு. நீதான் சொல்லணும்."

அதன்பிறகு யூலிட்சா நிறுத்தவில்லை. எழுந்து வந்து எல்லாக் குடுவையையும் அவளே ஆட்டினாள், மற்றவர்கள் முறை கேட்டு அழுதார்கள், இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள், ஒரு குடுவை உடைந்து சோளம் பாயெங்கும் சிதறியது. அடுத்துச் சொல்ல வைத்திருந்த கதைக்கு இடமே வரவில்லை. இந்தச் சத்தத்தில் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் கைபேசியோடு தலையை நீட்டினார்.

"அடடா, என்ன ஒரு காட்சி! ஒரே ஒரு போட்டோ..."

ஒசிரிஸ் எழுந்தாள். முழங்கால் வலித்தது. அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கிளம்பும்போது நூபியா மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"இங்க என்ன வேணா பேசலாம். எங்க வீட்டு அடுப்புல என்னன்னு மட்டும் கேக்காத."

"நான் எப்பவுமே கேட்டதில்ல, நூபியா."

"சரி, சேனியோ."

டாக்டர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, தேனீ நிகழ்ச்சிக்கு மேயர் அலுவலகத்தில் சொல்லிவிட்டதாகவும் இந்த முறை ஊர்ச் சதுக்கமான பிளாசாவில் மேடை போட்டே நடத்தப்போவதாகவும் ஆள் அனுப்பிச் சொன்னார். முடியாது என்று ஒசிரிஸ் சொல்லியனுப்பினாள். அந்தச் சண்டை ஜூன் வரை இழுத்தது. செவ்வாய்க்கிழமையையும் வியாழக்கிழமையையும் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.